பழைய டேப் ரிக்கார்டரை வீட்டில் சரிசெய்வது எப்படி: அரிய கேசட்டைக் கடைசியில் போடுங்கள்

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு தம்பி, ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் செட் ஒன்றையும் கேசட் ஒன்றையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய தந்தை வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில், கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் அது. பரணிலிருந்து செட்டை இறக்கியதும், ஓடுகிறதா என்று பார்க்க அந்தக் கேசட்டையே போட்டிருக்கிறார். அரை நிமிடத்தில் நாடா ரோலரைச் சுற்றிக்கொண்டது. பதறி இழுத்ததில் நான்கு இடங்களில் மடிந்து, ஓரிடத்தில் அறுந்தும் போயிற்று. செட்டைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. நாடாவை ஒட்டிச் சேர்க்க மூன்று நாள் ஆயிற்று. மடிந்த இடங்களில் அந்தக் குரல் இன்றும் அமுங்கித்தான் கேட்கிறது.

அதனால்தான் வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். முதலில் அழுக்கு, அடுத்து ரப்பர், அதன்பின் வேகம், அதன்பின் ஒலி. நீங்கள் கேட்கத் தவிக்கும் கேசட்டின் முறை எல்லாம் முடிந்த பிறகுதான். புதிதாக இறங்குபவர்கள் சால்டரிங் அயர்னை முதலில் கையில் எடுக்கிறார்கள். ஆனால் பரணில் கிடந்த செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈயம் வைக்கும் வேலையே வருவதில்லை.

1. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்கள் இரண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு பாக்கெட், பழைய பல் துலக்கும் பிரஷ், சாதாரண மல்டிமீட்டர், தையல் மெஷின் எண்ணெய், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. இவற்றோடு, போனாலும் கவலையில்லை என்று நீங்கள் நினைக்கும் இரண்டு கேசட்டுகள். இந்தச் சோதனைக் கேசட் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும், 99 சதவீதச் செறிவுள்ளது. மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சில சமயம் எண்ணெய் கலந்திருக்கும். கையில் அதுதான் இருக்கிறது என்றால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். கறை படிந்தால் அது ஹெட்டுக்கு, அதாவது நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் பகுதிக்கு, ஆகாது. கைகளுக்கான சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். அதில் கிளிசரின் இருக்கும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டை இப்போது வாங்காதீர்கள். செட்டைத் திறந்து அளந்த பிறகு வாங்கலாம். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பழைய ரேடியோ உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது, இணையக் கடைகளும் இருக்கின்றன.

2. திறப்பதற்கு முன் மின்சாரம்

கரண்ட் வயரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு அதன் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பரணில் கிடந்த வயரை எலி கடித்திருக்கும். செம்பு தெரிந்தால் வயரை மாற்றும்வரை பிளக்கைச் சொருகவே கூடாது. செட்டுக்குள் டிரான்ஸ்ஃபார்மர்வரை 230 வோல்ட் வருகிறது.

முதல் ஓட்டத்தைப் பேட்டரியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டார்ச் பேட்டரி நான்கு என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 9 வோல்ட். கை தவறி எதையாவது தொட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை. இன்னொரு பயனும் உண்டு: பேட்டரியில் சுத்தமாகப் பாடும் செட் கரண்டில் மட்டும் இரைந்தால், கோளாறு கரண்ட் வரும் பகுதியில்தான் என்று சோதனையே இல்லாமல் தெரிந்துவிடும்.

பேட்டரிப் பெட்டியில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டிவிட்டு மட்டும் நிறுத்தாதீர்கள். பழைய சாதாரண டார்ச் பேட்டரி கசிந்தது அமிலத்தன்மை உடையது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். அல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு. பிறகு ஈரத்துணி, பிறகு ஆல்கஹால், பிறகு மெல்லிய உப்புத்தாளால் தகட்டைப் பளபளப்பாக்குங்கள்.

அடாப்டர் போடுபவர்கள் பின்புறம் அச்சிட்ட குறியைப் பார்த்துவிட்டுப் போடவும். பழைய ஜப்பானியச் செட்டுகள் பலவற்றில் நடுமுனை நெகட்டிவ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். இதைக் கவனிக்காமல் நல்ல செட்டைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. திறப்பது

பின்மூடியின் திருகுகளில் ஒன்றிரண்டு பேட்டரிப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், தேடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுங்கள். திருகுகளை ஒரு தாளில் செட்டின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே வையுங்கள். நீளமான திருகைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் முன்பக்கப் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஸ்பீக்கர் வயர், ஏரியல் வயர் இரண்டும் மூடியோடு இணைந்திருக்கும். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே குளவிக் கூடு இருந்தால் வியக்க வேண்டாம். நம் பக்கத்துப் பரண்களில் ஸ்பீக்கர் துளை வழியாகப் போய்க் கட்டிவிடும். காய்ந்த மண்ணை உடைத்துத் தூளாக்காமல் கட்டியாகவே எடுங்கள்.

புயலில் நனைந்த செட் என்றால் தனிக் கவனம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபின், அந்தப் பக்கத்திலிருந்து நனைந்த செட்டுகள் என்னிடம் வந்தன. வெயிலில் காயவைத்தவர்களின் செட்டில் சேறும் உப்பும் பலகையிலேயே தங்கி, செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்திருந்தன. சர்க்யூட் பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு ஆல்கஹாலில் அலசி, நிழலில் நான்கைந்து நாள் உலர்த்த வேண்டும். காகிதக் கூம்பு உள்ள ஸ்பீக்கரிலும் மோட்டாரிலும் தண்ணீர் படக் கூடாது.

4. துடைப்பது

கேசட் கதவைத் திறந்து, கேசட் இல்லாமல் பிளே பட்டனை அழுத்தினால் ஹெட் முன்னால் வந்து நிற்கும். அதன் பக்கத்தில் பளபளப்பான மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று இருக்கும்; அதுதான் கேப்ஸ்டன். அதை அழுத்திக்கொண்டு சுழலும் கறுப்பு ரப்பர்தான் பிஞ்ச் ரோலர். கேசட் கெடுவதும் பிழைப்பதும் இந்த மூன்றின் கையில் இருக்கிறது.

ஹெட்டையும் தண்டையும் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறும். அது நாடாவிலிருந்து உதிர்ந்த துகள். பழுப்பு வராமல் பஞ்சு வெள்ளையாகவே மீளும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். தண்டைச் சுற்றிலும் துடைத்தீர்களா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் துடைத்துவிட்டு, 'சுத்தம் செய்தும் நாடாவைச் சுற்றுகிறது' என்று வருபவர்கள் அதிகம்.

ரோலரை நீர்த்த சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஆல்கஹாலை அடிக்கடி போட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். மேற்பரப்பு கண்ணாடி போல மினுமினுத்தால் நைசான உப்புத்தாளை ஒரு சுற்று காட்டலாம். விரிசல் கண்டிருந்தால் மாற்றுவதுதான் வழி.

ஹெட்டின் முகத்தை இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டவே கூடாது. கீறல் விழும். ஸ்க்ரூ டிரைவர் முனையில் காந்தம் ஏறியிருந்தால் ஹெட்டிலும் ஏறி, ஒவ்வொரு முறை ஓடும்போதும் நாடாவின் நுண்ணிய ஒலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும்.

எண்ணெய் விஷயத்தில் கறாராக இருங்கள். தண்டு நுழைந்து சுழலும் உலோக வளையமான புஷ்ஷில் ஊசி முனையால் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறார்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும்; மார்கழிக் காலையில் சீசாவில் உறைவது செட்டுக்குள்ளும் உறையும். நாளாக ஆகப் பிசினாகவும் மாறும். பெல்ட் ஓடும் பாதையில் எந்த எண்ணெயும் படக் கூடாது.

5. பெல்ட்

செட் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மோட்டார் சுற்றும் ஓசை கேட்கும், கேசட் நகராது. திறந்து பார்த்தால் பெல்ட் தளர்ந்து தொங்கும். சில செட்டுகளில் தார் போல உருகிப் பல்சக்கரங்களில் அப்பிக் கிடக்கும்.

உருகிய பெல்ட்டைக் கையால் தொட்டால் நாள் கணக்கில் கறை போகாது. பல் குத்தும் குச்சியால் வழித்து, மீதியை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் எடுங்கள். மோட்டார் முனையிலுள்ள சின்னக் கப்பியின் பள்ளத்தில் மிச்சம் இருந்தால், புதுப் பெல்ட் அந்த இடத்தில் ஏறி இறங்கும். பாட்டு ஊஞ்சலாடுவது போலக் கேட்கும். இந்தப் பள்ளத்துக்காகவே நான் கால் மணி நேரம் ஒதுக்குவேன்.

அளப்பதற்குப் பழைய பெல்ட்டை நம்பாதீர்கள், அது நீண்டிருக்கும். பெல்ட் போகும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி, நூலின் நீளத்தை அளந்து, அதிலிருந்து 5 முதல் 7 சதவீதம் குறையுங்கள். நூல் 220 மி.மீ. என்றால் 205 முதல் 210 மி.மீ. சுற்றளவுள்ள பெல்ட் பொருந்தும். தட்டையா, சதுரமா என்பதையும் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி இறுக்கமான பெல்ட் மோட்டாரின் புஷ்ஷை ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும்.

சாதாரண ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் அதன் தடிமன் சீராக இருக்காது. பழைய பெல்ட்டை வெந்நீரில் போட்டு எடுத்தால் கொஞ்சம் சுருங்கும்; சில நாளில் மறுபடி தளரும். மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று அறிய மட்டும் அது உதவும்.

6. நாடா ஏன் சுற்றிக்கொள்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கேப்ஸ்டன் ஒரு விநாடிக்கு 4.76 செ.மீ. நாடாவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வாங்கிச் சுருட்ட வேண்டியது வலப்பக்கச் சக்கரம். அந்தச் சக்கரம் மூன்று விநாடி அயர்ந்தால் 14 செ.மீ. நாடா தொய்ந்துவிடும். தொய்ந்த நாடா போக இடமில்லாமல் ரோலரில் ஒட்டிச் சுற்றும். ஆகவே நாடாவைத் தின்றது ரோலர் என்றாலும், குற்றம் பெரும்பாலும் சுருட்டும் சக்கரத்தின் மீதுதான்.

கேசட் இல்லாமல் பிளே போட்டு அந்தச் சக்கரத்தை விரலால் மெல்லப் பிடியுங்கள். லேசான எதிர்ப்பு தெரிய வேண்டும், விட்டதும் உடனே சுழல வேண்டும். எதிர்ப்பே இல்லை என்றால் அதைச் சுற்றும் சின்ன பெல்ட்டையோ, ரப்பர் விளிம்புள்ள இடைச்சக்கரத்தையோ பாருங்கள். பெரிய பெல்ட்டை மட்டும் மாற்றி, இந்தச் சின்னதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பிறகு சோதனைக் கேசட்டைப் போட்டு, ஒரு பக்கம் முழுவதும் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் சரியாகச் சுருட்டி, சுருள் பெருத்தபின் திணறும் செட்டுகள் உண்டு. ஐந்து நிமிடச் சோதனையில் அது தெரியாது.

நாடா சிக்கிக்கொண்டால் மின்சாரத்தை நிறுத்தி, ஸ்டாப் அழுத்தி, கேசட்டை வெளியே இழுக்காமல், பின்னாலுள்ள கனமான சக்கரத்தைக் கையால் எதிர்த்திசையில் திருப்புங்கள். சுற்று சுற்றாக விடுபடும். பொறுமைதான் முக்கியம்.

7. வேகம்

புதுப் பெல்ட் போடுமுன் வேகத்தைத் தொடாதீர்கள். வழுக்கும் பெல்ட்டை ஈடுகட்ட மோட்டாரை முடுக்கினால், புதுப் பெல்ட் போட்டதும் எல்லோரும் கீச்சுக்குரலில் பேசுவார்கள். பேட்டரியும் புதியதாக இருக்கட்டும். செட் ஐந்து நிமிடம் ஓடியபின் அளக்கவும்.

பெரும்பாலான மோட்டார்களின் அடிப்பக்கத்தில் சிறு துளை இருக்கும். உள்ளே ஒரு திருகு. மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் தொட்டும் தொடாமலும் திருப்பினாலே போதும். முதலில் இருந்த நிலையைப் பேனாவால் குறித்துவிடுங்கள்.

அளவுகோலாக, நன்றாக ஓடும் வேறொரு செட்டில் 3000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கைபேசியிலிருந்து ஒரு சோதனைக் கேசட்டில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் செட்டில் அதை ஓட்டி, அதிர்வெண் காட்டும் செயலியால் பாருங்கள். 2970-க்கும் 3030-க்கும் இடையே நின்றால் ஒரு சதவீதத்துக்குள் வந்துவிட்டீர்கள். எண் நிலைகொள்ளாமல் ஆடினால் திருகைக் குற்றம் சொல்லாதீர்கள், ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

காது பழகியவர்களுக்குச் சுருதியே போதும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுமார் 6 சதவீத வேகம். இரண்டு கட்டையில் வாசித்த நாதஸ்வரம் ஒன்றரையில் கேட்டால் செட் 6 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. கோயில் திருவிழாக் கேசட்டைக் கொண்டுவந்த ஒரு தவில்காரர், செயலியைப் பார்க்காமலே நான் வைத்த வேகத்தை இன்னும் ஒரு நூல் ஏற்றச் சொன்னார். அளந்து பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி.

மோட்டாரை மாற்ற நேர்ந்தால் வோல்ட், சுழலும் திசை, நிமிடத்துக்கான சுற்று மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். திசையை மறந்து வாங்கினால் மறுபடி கடைக்குப் போக வேண்டியதுதான்.

8. ஒலி

ஒலி அளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் வால்யூம் கன்ட்ரோலில் தூசி. கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு முறை பீய்ச்சி, முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். துருவை இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இங்கே அடிக்கக் கூடாது; படலம் தங்கித் தூசியைச் சேர்க்கும்.

ஊளையிடுவது, ஒரே பக்கம் பாடுவது, திடீரென்று அமுங்குவது ஆகியவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் பலகையில் நீளமாக இருக்கும் ரிக்கார்டு-பிளே சுவிட்ச். அதற்கும் இதே வைத்தியம். ஈரக் காற்று வீசும் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் செட்டுகளில் நான் முதலில் கை வைப்பது இதில்தான்.

கரண்டில் மட்டும் 'ம்ம்' என்று இரைந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்துள்ள பெரிய கெப்பாசிட்டர் வற்றியிருக்கும். 1000 அல்லது 2200 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். அதே அளவு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்குங்கள். உடலில் கோடு உள்ள பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒலி மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருந்தால், முதலில் ஹெட்டை மறுபடி துடையுங்கள். அப்போதும் தீராவிட்டால்தான் ஹெட்டின் சாய்வைத் தொட வேண்டும். ஹெட்டின் இருபுறத் திருகுகளில் அடியில் ஸ்பிரிங் உள்ளதுதான் சாய்வைத் திருத்துவது. கடையில் வாங்கிய பதிவுக் கேசட்டை ஓடவிட்டு, ஜால்ரா ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

9. அழிக்கிறதா என்ற சோதனை

பலரும் தாண்டிப்போகும் படி இது. இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்பதால் தனித் தலைப்பிட்டு எழுதுகிறேன். எளிய ரிக்கார்டர்களில் அழிக்கும் ஹெட் என்பது ஒரு சிறு காந்தம். ரிக்கார்டு அழுத்தும்போது மட்டும் நாடாவைத் தொட வேண்டிய அது, கம்பி வளைந்தோ துருவேறியோ மாட்டிக்கொண்டால் பிளே போட்டாலும் தொட்டுக்கொண்டிருக்கும். ரிக்கார்டு சுவிட்ச் பாதியில் நின்றாலும் ஆபத்துதான்.

சோதனைக் கேசட்டில் இரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். பின்னால் ஓட்டி, அதே இரண்டு நிமிடத்தை மறுபடி கேளுங்கள். இரண்டாம் முறை ஒலி ஒரு மாத்திரை குறைந்திருந்தாலும் அந்தச் செட்டில் வேறு கேசட் போகக் கூடாது.

10. இனி அந்தக் கேசட்

முதலில் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சின்னத் தகடுகளையும் உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் ரிக்கார்டு பட்டன் அழுந்தாது.

சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைப் பல ஆண்டு கண்ட கேசட்டில் வெள்ளைப் புள்ளிகளோ இழைகளோ இருக்கும். அது பூஞ்சணம். முகக்கவசம் போட்டுக்கொண்டு திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். மென்மையான துணியை நாடாவின் மேல் லேசாக வைத்து, மெதுவாக ஒரு முறை முன்னும் பின்னும் ஓட்டித் துடைக்கலாம். இதற்கு ஒரு பழைய, உபரிச் செட்டைப் பயன்படுத்துங்கள். சரிசெய்த செட்டில் வேண்டாம். அரிசிப் பானையில் புதைத்து ஈரம் போக்கும் பழக்கமும் வேண்டாம், அரிசித் தவிடு நாடாவுக்குள் போகும். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டிபன் டப்பாவில் மூடிவைத்தால் போதும்.

நாடாவை ஹெட்டோடு அணைக்கும் சிறு பஞ்சுத் துண்டு கேசட்டின் வாயில் இருக்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்திருந்தால் வேறு கேசட்டிலிருந்து அந்தச் செம்புத் தகட்டோடு மாற்றலாம். ஐந்து திருகு உள்ள கேசட் என்றால் எளிது. ஒட்டி மூடியது என்றால் விளிம்பைப் பிளந்து, சுருள்களை மட்டும் திருகுள்ள கூட்டுக்கு மாற்ற வேண்டும்.

அறுந்த நாடாவின் இரு முனைகளையும் 45 டிகிரி சாய்வாக வெட்டி, ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில் ஒட்டுங்கள். அதற்கென்று விற்கும் ஸ்பிளைசிங் டேப் மட்டும். சாதாரண செல்லோ டேப்பின் பசை வெயில் காலத்தில் கசிந்து அடுத்த சுற்றுகளையும் ஒட்டிவிடும்.

பல ஆண்டு ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருளை நேராக பிளேயில் போடாதீர்கள். ஆறுபட்டைப் பென்சிலைச் சொருகிக் கையால் சில சுற்று தளர்த்தி, பிறகு ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திருப்புங்கள். சி-120 கேசட்டின், அதாவது இரு பக்கமும் சேர்த்து 120 நிமிடம் ஓடுவதின், நாடா மிக மெல்லியது. அதை முழுவதும் பென்சிலாலேயே சுற்றுவேன்.

முதல் முறை கேட்கும்போதே கணினியில் பதிந்துகொள்ளுங்கள். இயர்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு ஒரு கம்பி, ஒலி அளவு மூன்றில் ஒரு பங்கு. நைந்த நாடா இரண்டாம் முறை இதே தெளிவோடு பாடும் என்று உறுதி இல்லை. முதல் பக்கம் முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போடுமுன் ஹெட்டையும் தண்டையும் இன்னொரு முறை துடையுங்கள். அரை மணி நேரத்தில் பஞ்சில் எவ்வளவு பழுப்பு ஏறுகிறது என்று பார்த்தால், ஏன் சொல்கிறேன் என்பது புரியும்.